கன்னம் ஒட்டிய கதை: தாம்பரம் சானடோரியமும் ஸ்டாவுடின் மாத்திரையும்

கொஞ்சம் நீளமான த்ரெட் மக்களே. டீ போட்டுட்டு வந்து பொறுமையா படிங்க.

எங்க ஓபிக்கு மாசம் ஒரு தடவை ஒரு அக்கா பிரஷர் மாத்திரை வாங்க வருவாங்க. ஐம்பது வயசு இருக்கும். வயிறு லேசா போட்டிருக்கும், ஆனா ரெண்டு கன்னமும் உள்ளே ஒட்டிப் போயிருக்கும். கையில நரம்பெல்லாம் கயிறு மாதிரி எடுப்பாத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதுசு, எனக்கு ஒண்ணும் பிடிபடல. தைராய்டா, சுகரா, சாப்பாடு இல்லையான்னு ஏதேதோ யோசிச்சேன். அவங்க போனப்புறம் சீனியர் சிஸ்டர்தான் குரலைத் தாழ்த்திச் சொன்னாங்க: "பழைய சானடோரியம் பேஷன்ட் சார். அந்தக் காலத்து மாத்திரை செஞ்ச வேலை."

அந்த மாத்திரை பேர் ஸ்டாவுடின். கன்னத்தை ஒட்ட வைத்தது அது செய்த சின்ன வேலை. பெரிய வேலை ரத்தத்திலும் கல்லீரலிலும் நடந்தது. அதைச் சொல்லணும்னா சானடோரியத்துல இருந்து ஆரம்பிக்கணும்.

தாம்பரம் சானடோரியம்னா இன்னைக்குப் பலருக்கு அது ஒரு ரயில்வே ஸ்டேஷன், குரோம்பேட்டைக்கு அடுத்தது. அந்தப் பேருக்குக் காரணம் 1928ல் டாக்டர் சௌரி முத்து அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனை. டிபிக்கு மருந்தே இல்லாத காலம். நல்ல காற்று, சத்தான சாப்பாடு, ஓய்வு, இவைதான் சிகிச்சை. 1937ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. பிறகு மருந்துகள் வந்தன. 1956ல் சென்னையில் தொடங்கி 1959ல் முடிவு வெளியான புகழ்பெற்ற ஆய்வு ஒன்று, வீட்டில் இருந்து மாத்திரை சாப்பிட்டாலே சானடோரியத்தில் கிடைக்கும் அதே பலன் கிடைக்கும் என்று காட்டியது. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டன. தாம்பரம் மூடப்படவில்லை. அது எவ்வளவு நல்லதாப் போச்சுன்னு 1990களில்தான் தெரிந்தது.

1986ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த சில வருஷங்களில் மெலிந்து, இருமிக்கொண்டு வந்தவர்களுக்குப் பல இடங்களில் படுக்கை கிடைக்கவில்லை. அவர்களில் பலருக்கு டிபியும் இருந்தது. தாம்பரம் டிபி ஆஸ்பத்திரி, சேர்த்துக்கொண்டது. ஆந்திராவில் இருந்தெல்லாம் ரயில் ஏறி வந்தார்கள். ஆனா அப்போ கொடுக்க என்ன இருந்தது? டிபி மருந்து, வாய்ப்புண்ணுக்கு மருந்து, குளுக்கோஸ். கொஞ்ச காலம் சித்த மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். வைரஸை அடக்கும் கூட்டு மருந்துக்கு வெளிநாட்டில் ஒரு வருஷத்துக்கு 10,000 டாலருக்கும் மேல்.

2001 பிப்ரவரியில் சிப்லா நிறுவனத்தின் யூசுஃப் ஹமீது, மூன்று மருந்தையும் வருஷத்துக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்றார். ஒரு நாளைக்கு ஒரு டாலர்கூட இல்லை. 1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தில் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை கிடையாது என்பதால்தான் அது முடிந்தது. அந்த மூன்று: ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிராபின். 2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு இலவச ஏஆர்டி சிகிச்சையை 8 மையங்களில் தொடங்கியபோது தாம்பரம் அதில் ஒன்று.

ஸ்ட்ரெச்சரில் வந்தவர்கள் மூணு நாலு மாசத்தில் நடந்து வந்து மாத்திரை வாங்கினார்கள். சீனியர்கள் அந்த வருஷங்களைப் பற்றிப் பேசும்போது அவங்க முகமே மாறும். சாவு மட்டும் பார்த்த வார்டு அது.

இப்போ மாத்திரையோட மறுபக்கம்.

நம்ம செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியான்னு ஒரு அடுப்பு இருக்கு. சர்க்கரையை ஆக்சிஜனோட சேர்த்து முழுசா எரிச்சு சக்தி கொடுக்கும். அதுக்குன்னு தனியா ஒரு குட்டி டிஎன்ஏ உண்டு. அதைப் படியெடுக்கிற நொதி பாலிமரேஸ் காமா. ஸ்டாவுடின் பார்க்க அசல் செங்கல் மாதிரியே இருக்கும் போலிச் செங்கல். வைரஸ் அதை எடுத்து வைத்துக் கட்டினால் அதன் சுவர் பாதியில் நின்றுவிடும், அதுதான் சிகிச்சை. ஆனா பாலிமரேஸ் காமாவும் அதே செங்கல்ல ஏமாறும். மாசக்கணக்கில் அடுப்புகள் ஒவ்வொன்றாகப் பழுதாகும். சர்க்கரை பாதி மட்டும் எரிந்து லாக்டிக் அமிலமாக நிற்கும். அந்த அமிலத்தைத் துடைத்து எடுக்கும் முக்கிய உறுப்பு கல்லீரல். அதன் அடுப்பும் கெட்டு, எரிக்க முடியாத கொழுப்பு உள்ளேயே தேங்கும். குப்பையும் கூடும், குப்பை அள்ளும் வண்டியும் நிற்கும். லாக்டிக் அசிடோசிஸும் கல்லீரல் பாதிப்பும் ஜோடியாக வருவது இதனால்தான்.

இது யாருக்கும் தெரியாமல் நடந்தது என்று நினைக்க வேண்டாம். 1993ல் அமெரிக்காவில் ஃபியலுரிடின் என்ற இதே வகை மருந்தை ஹெபடைடிஸ் பி நோயாளிகள் 15 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 7 பேருக்குக் கல்லீரல் செயலிழந்தது, 5 பேர் இறந்தார்கள். மருந்தை நிறுத்திய பிறகும் சேதம் தொடர்ந்தது. அதற்கு அடுத்த வருஷம் ஸ்டாவுடினுக்கு அங்கே அனுமதி கிடைத்தது. 2001 ஜனவரியில், ஸ்டாவுடினும் டிடனோசினும் சேர்த்துச் சாப்பிட்ட கர்ப்பிணிகள் லாக்டிக் அசிடோசிஸில் இறந்ததாக அமெரிக்க எஃப்டிஏ எச்சரித்தது.

அப்புறம் ஏன் கொடுத்தோம்? மாற்று மருந்து ஜிடோவுடின், அது ரத்தத்தைக் குறைக்கும். ஹீமோகுளோபின் 8க்குக் கீழே இருந்தால் கொடுக்க முடியாது. நம்ம ஊர் பெண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பாதிப் பேருக்கு ரத்தசோகை. அதனால் ஜிடோவுடின் கொடுக்க முடியாத பெண்களுக்கு ஸ்டாவுடின். லாக்டிக் அசிடோசிஸ் யாருக்கு அதிகம் வரும்? பெண்களுக்கு, அதிலும் எடை கூடியவர்களுக்கு. கூடவே இருந்த நெவிராபினும் அப்படித்தான். சிடி4 எண்ணிக்கை 250க்கு மேல் இருக்கும் பெண்களின் கல்லீரலைத்தான் அது அதிகம் தாக்கும். கணவனிடமிருந்து நோய், பிரசவத்தாலும் பட்டினியாலும் ரத்தசோகை, அந்த ரத்தசோகையால் இந்த மாத்திரை. இந்தச் சங்கிலியை நான் ஒரு புத்தகத்திலும் வரிசையாகப் படித்ததில்லை. தனித்தனி அத்தியாயங்களாத்தான் இருக்கும்.

வார்டில் இதைக் கண்டுபிடிப்பதும் லேசில்லை. ஆறு மாசம், ஒரு வருஷம் நல்லா இருந்து எடை ஏறியவர் திடீர்னு வாந்தின்னு வருவார். வயிற்று வலி, பசியில்லை, அசதி, எடை இறங்கும். கேஸ்ட்ரைட்டிஸ்னு ரானிடிடின் ஊசி போட்டு அனுப்புவார்கள். வீட்டில் "நோய் திரும்பிடுச்சு, மாத்திரையை ஒழுங்கா சாப்பிடு" என்பார்கள், அவரும் ஒழுங்காகச் சாப்பிடுவார். கடைசியில் மூச்சு வாங்கும். ஸ்டெத் வைத்தால் நெஞ்சு சுத்தமாக இருக்கும். நுரையீரலில் கோளாறு இல்லை. ரத்தத்தில் ஏறிய அமிலத்தைத்தான் அவர் மூச்சாக விட்டுக்கொண்டிருப்பார்.

உறுதி செய்ய லாக்டேட் பார்க்கணும். 2க்குள் இருக்கணும், 5 தாண்டினால் ஆபத்து. கையை இறுக்கிக் கட்டாமல், முஷ்டி மடக்கச் சொல்லாமல், ஃப்ளோரைடு ட்யூபில் ரத்தம் எடுத்து, ஐஸில் வைத்து, உடனே லேபுக்கு ஓடணும். நம்ம அரசு வார்டில் அந்தக் காலத்தில்! சந்தேகப்பட்டு மாத்திரையை நிறுத்திய டாக்டர் இருந்தால் நோயாளி பிழைத்தார். இதற்கு முறிமருந்து கிடையாது.

2006ல் உலக சுகாதார நிறுவனம் ஸ்டாவுடினில் இருந்து விலகச் சொன்னது. 2007ல், எவ்வளவு எடை இருந்தாலும் 40 மில்லிகிராம் வேண்டாம், 30 போதும் என்றது. 2009 நவம்பரில் படிப்படியாகக் கைவிடச் சொன்னது. நம்மிடம் அதற்குப் பிறகும் சில வருஷம் ஓடியது. டெனோஃபோவிர் விலை அதிகம் என்பதே காரணம். என் கருத்து இதுதான்: 2004ல் ஸ்டாவுடின் கொடுத்தது சரி. அது இல்லையென்றால் அந்த அக்கா இன்று இல்லை. ஆனால் 2009க்குப் பிறகு புதிதாக ஒருவருக்குத் தொடங்கிய ஒவ்வொரு ஸ்டாவுடின் மாத்திரையும் கணக்குப் பார்த்துக் கொடுத்த மாத்திரை. இது நமக்குப் புதுசும் இல்லை. லாக்டிக் அசிடோசிஸுக்காக அமெரிக்கா 1970களின் கடைசியில் விலக்கிய ஃபென்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையை நாம் தடை செய்தது 2003ல்தான். (உடனே மெட்ஃபார்மினை நிறுத்திடாதீங்க! அது அதே குடும்பம்தான், ஆனா ஆபத்து ரொம்ப அரிது. கிட்னி மோசமானவர்களுக்குத்தான் பார்த்துக் கொடுக்கணும்.)

இதை ஏன் இப்போ சொல்றேன்? மருந்துக்கு மசியாத டிபிக்கு 2024ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த புதுக் கூட்டு மருந்தில் லினிசோலிட் உண்டு. அதுவும் மைட்டோகாண்ட்ரியாவை வேறு வழியில் தாக்கும். அருமையான மருந்து, பல உயிரைக் காப்பாத்துது, நீங்களா நிறுத்தவே கூடாது. ஆனா அதைச் சாப்பிடுறவங்களுக்கு விடாத வாந்தி, காரணமில்லாம மூச்சு வாங்குறது, பாதத்துல எரிச்சல் வந்தா அன்னைக்கே மாத்திரைச் சீட்டோட ஆஸ்பத்திரிக்கு வாங்க. கேஸ்னு சொல்லி அனுப்பினா, "லினிசோலிட் சாப்பிடுறேன், லாக்டேட் பாக்கணுமா டாக்டர்?"னு நீங்களே கேளுங்க. எந்த டாக்டரும் கோச்சுக்க மாட்டார். கோச்சுக்கிட்டாலும் பரவாயில்லை.

அந்த அக்கா இப்போ ராத்திரிக்கு ஒரே ஒரு மாத்திரை. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூணும் அதுக்குள்ளேயே. ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன், கன்னத்துக்கு ஏதாவது செய்யணுமான்னு. சிரிச்சாங்க. "பொண்ணு கல்யாண போட்டோல மட்டும் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு சார். அப்புறம் பழகிடுச்சு. பிரஷர் எவ்ளோ இருக்கு, சொல்லுங்க."

130க்கு 80.