ஒரு விற்பனைச் சீட்டு

நான் முதன்முதலில் வேலைக்குப் போனது ஒரு ஹார்டுவேர் கடைக்கு. பில் போடுகிற வேலை. மேசை மேல் ஒரு பில் புக், இழுப்பறைக்குள் இன்னொன்று. யாருக்கு எதில் போடணும் என்று முதலாளி கண்ணாலேயே சொல்லிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கொயரில் பாடிவிட்டு, திங்கட்கிழமை காலையில் அந்த இழுப்பறையைத் திறப்பேன். ரெண்டுக்கும் நடுவில் ஏதோ இடிக்கிறது என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அவர் சொல்றார், நான் எழுதறேன். சம்பளக்காரன் வேற என்ன பண்ணுவான்?

பல வருஷம் கழித்து ஜான் வூல்மன் என்கிற ஆசாமியைப் பற்றிப் படித்தபோது அந்த இழுப்பறை ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவரும் ஒரு கடையில் கணக்கு எழுதியவர்தான்.

வூல்மன் 1720-ல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அப்போது அது பிரிட்டிஷ் காலனி. குடும்பம் குவேக்கர் சபையைச் சேர்ந்தது. இந்த குவேக்கர்கள் கொஞ்சம் வித்தியாசமான கிறிஸ்தவர்கள். சம்பளம் வாங்குகிற பாதிரியார் கிடையாது, பாட்டு கிடையாது. கூடி உட்கார்ந்து மௌனமாக இருப்பார்கள், உள்ளே ஏவுதல் வந்தவர் எழுந்து பேசுவார். சத்தியம் செய்ய மாட்டார்கள். எப்போதும் உண்மை பேசுகிறவனுக்குத் தனியாகச் சத்தியம் எதற்கு என்று கேட்பார்கள். அவர்கள் கடையில் பேரமும் கிடையாது, சின்னப் பையன் போனாலும் அதே விலைதான்.

இப்படிப்பட்டவர்களில் பலர் அடிமை வைத்திருந்தார்கள் என்பதுதான் கதையே.

வூல்மன் மவுண்ட் ஹோலி என்ற ஊரில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தார். இருபது வயசு தாண்டியிருந்த சமயம், ஒருநாள் முதலாளி கூப்பிட்டு, தன்னிடம் இருந்த ஒரு கறுப்பினப் பெண்ணை விற்றாயிற்று, விற்பனைச் சீட்டு எழுது என்றார். வாங்குகிறவர் பக்கத்திலேயே காத்துக்கொண்டு இருக்கிறார். வூல்மனுக்கு உள்ளே என்னவோ செய்தது. ஆனாலும் முதலாளி சொல்கிறார், வாங்குகிறவரும் நம்ம சபையைச் சேர்ந்த வயசானவர் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது மட்டும், அடிமை வைத்திருப்பது கிறிஸ்தவத்துக்குப் பொருந்தாத காரியம் என்று ரெண்டு பேர் முன்னாடியும் சொன்னார்.

அதைச் சொல்லிவிட்டதால் மனசு ஆறிவிடவில்லை. 'இது என் மனசாட்சிக்கு விரோதம், என்னை விட்டுவிடுங்கள்' என்று கேட்டிருக்கலாமே என்று பின்னால் தன் நாட்குறிப்பில் வருத்தப்படுகிறார். அந்தப் பெண்ணின் பேர் அந்த நாட்குறிப்பில் இல்லை. இவர் வருத்தப்பட்டதால் அவளுடைய விற்பனை ரத்தாகவும் இல்லை. இதையும் சேர்த்தே படிக்கணும், இல்லாவிட்டால் வூல்மனுக்கு மாலை போட்டுவிட்டு அவளை மறந்துவிடுவோம்.

அடுத்த தடவை வேறொருவர் அதே மாதிரி சீட்டு கேட்டு வந்தபோது வூல்மன் முடியாது என்றார். இன்னொரு தடவை, அடிபட்டுக் கிடந்த பக்கத்து வீட்டுக்காரர் உயில் எழுதக் கூப்பிட்டார். சொத்தில் ஓர் அடிமைப் பெண்ணும் சேர்த்தி. வூல்மன் மற்றதையெல்லாம் எழுதி, அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு, ஏன் விட்டேன் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார். கடைசியில் அந்தப் பெண்ணுக்கு விடுதலை என்று ஒப்புக்கொண்டார் அவர். அதன் பிறகே உயில் பூர்த்தியானது.

எனக்கு இந்த மனுஷனிடம் பிடித்தது இந்த முறைதான். கத்த மாட்டார், கூட்டம் சேர்க்க மாட்டார். கைக்கு வருகிற ஒவ்வொரு சாமானையும் புரட்டிப் பார்த்து, இதற்காக யார் முதுகு ஒடிந்தது என்று கேட்பார்.

1757-ல் தெற்குப் பக்கம் மேரிலாந்து, வர்ஜீனியா என்று சபை வேலையாகப் போனார். போன இடத்தில் எல்லாம் குவேக்கர் வீடுகளில் நல்ல உபசாரம். சமைப்பது, படுக்கை போடுவது, குதிரைக்குத் தீனி வைப்பது எல்லாம் அடிமைகள். இந்தச் சாப்பாட்டை இலவசமாகச் சாப்பிட்டால் அவர்களுடைய உழைப்பை நானும் திருடினதாக ஆகாதா என்று யோசித்து, சில்லறை வெள்ளிக்காசு கொண்டுபோயிருந்தார். கிளம்பும்போது அந்த அடிமைகளுக்குச் சேர வேண்டும் என்று கொடுத்துவிட்டு வருவார். நம்ம ஊரில் விருந்துக்குப் போன இடத்தில் பணம் நீட்டிப் பாருங்கள், வீட்டுக்காரர் முகம் எப்படிப் போகும்? அங்கேயும் அப்படித்தான் சங்கடம். கொடுக்கிற இவருக்கும் அது லேசாக இல்லை.

சொந்தமாகக் கடை வைத்தார், நன்றாக ஓடியது. ரொம்ப நன்றாக ஓடுகிறதே என்று பயந்து 1756-ல் வியாபாரத்தைக் குறைத்து, தையலும் ஆப்பிள் தோட்டமும் போதும் என்று இருந்துவிட்டார். வியாபாரம் நொடித்துக் கடையை மூடினவர்களைப் பார்த்திருக்கிறேன், ஓடுகிற கடையை விட்டவரை இப்போதுதான் பார்க்கிறேன். :-)

சர்க்கரையை விட்டார். மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளை வைத்து உண்டாக்கியது என்பதால். முன்பு தன் கடையில் அந்தச் சர்க்கரையையும் ரம்மையும் விற்றது கடைசிவரை உறுத்தியது. சாயம் போட்ட துணியையும் விட்டார். சாயம் அழுக்கைப் போக்குவதில்லை, மறைக்கத்தான் செய்கிறது என்பது அவர் வாதம். தொப்பிகூட சாயம் ஏற்றாத வெளிர் நிறம். இதில் ஒரு தமாஷ்: அந்தச் சமயம் அப்படிப்பட்ட தொப்பி சிலரிடம் பேஷன். இவரும் பேஷனுக்குப் போட்டிருக்கிறார் என்று நினைத்துச் சபையில் சிலர் ஒதுங்கினார்களாம்!

ஒரு ஆள் சர்க்கரையை விட்டால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். நானும் கேட்டேன். என்ன நடந்தது என்று பார்ப்போம். 1758-ல் பிலடெல்பியாவில் நடந்த குவேக்கர்களின் வருடாந்திரக் கூட்டத்தில் அடிமைப் பிரச்சினை எழுந்தது. அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளப் பார்த்தவர்கள் உண்டு. வூல்மன் எழுந்து தாமதம் கூடாது என்று பேசினார். அடிமையை வாங்கி விற்கிறவர்களைச் சபை நிர்வாகத்திலிருந்து விலக்கி வைப்பது என்று முடிவானது. அடிமை வைத்திருந்த குவேக்கர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்க ஒரு குழுவும் போட்டார்கள். வூல்மனும் அதில் ஒருவர். சாட்சி சொல்ல நாக்கு மட்டும் போதாது, சாப்பாடும் சட்டையும் கூட நிற்கணும் இல்லையா? அவர் பேச்சுக்கு அந்தக் கனம் இருந்தது.

1772-ல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். முதல்தர அறைக்கு வெளியே வீண் செதுக்கு வேலைப்பாடு, அந்த ஆடம்பரத்துக்கும் சேர்த்துத்தானே கட்டணம் என்று மாலுமிகளோடு கீழ்த்தளத்தில் போனார். ஐந்து வாரத்துக்கு மேல் நாற்றத்திலும் ஈரத்திலும். லண்டனில் இறங்கி வடக்கே கால்நடையாகவே போனார். கோச் வண்டிக் குதிரைகளை ஓட்டியே சாகடிக்கிறார்கள், குளிர்கால ராத்திரிகளில் வண்டிக்காரப் பையன்கள் விறைத்துச் செத்ததும் உண்டு என்று கேள்விப்பட்டதால் வண்டியில் ஏறவில்லை. அந்த வண்டித் தபாலில் தனக்குக் கடிதம்கூடப் போட வேண்டாம் என்றார். யார்க் நகரம் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் அம்மை கண்டு, அந்த அக்டோபர் 7-ம் தேதி இறந்துபோனார். வயசு 51.

நாலு வருஷம் கழித்து, 1776-ல், அடிமையை விடுவிக்க மறுப்பவர் சபையில் உறுப்பினராக இருக்க முடியாது என்று பிலடெல்பியா கூட்டம் முடிவெடுத்தது. 1787-ல் லண்டனில் அடிமை வியாபார ஒழிப்புக் குழுவைத் தொடங்கிய 12 பேரில் 9 பேர் குவேக்கர்கள். 1791-ஐ ஒட்டி பிரிட்டனில் பெரிய அளவில் சர்க்கரைப் புறக்கணிப்பு நடந்தது. சுமார் 3 லட்சம் பேர் சர்க்கரையை விட்டார்கள் என்று அந்த இயக்கத்தின் தாமஸ் கிளார்க்சன் கணக்குச் சொன்னார். 1807-ல் அடிமை வியாபாரத்தை பிரிட்டன் தடை செய்தது. இதெல்லாம் ஒரு தையல்காரரால் நடந்தது என்று நான் ஜல்லியடிக்கவில்லை. தோட்டங்களில் கலகம் செய்து உயிரைவிட்ட அடிமைகளின் பங்கு இதைவிடப் பெரியது. ஆனால் ஒரு ஆள் சர்க்கரையை விட்டால் ஒன்றும் ஆகாது என்று இப்போது அவ்வளவு சுலபமாகச் சொல்ல வரவில்லை.

விற்ற முதலாளி, வாங்கிய பெரியவர், எழுதிய வூல்மன் மூன்று பேரும் ஒரே வேதத்தைப் படித்தவர்கள்தான். விசுவாசம் தானாக வந்து நம் கையைப் பிடித்து நிறுத்தாது. பேனா பேப்பரைத் தொடுகிற நேரத்தில் நாம்தான் அதைக் கூப்பிடணும்.

அந்த ஹார்டுவேர் கடையை நான் விட்டது மனசாட்சி உறுத்தியதால் இல்லை. வேறு இடத்தில் கூடச் சம்பளம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். கூசினாலும் சொல்லித்தானே ஆகணும். இப்போதும் பல பேப்பர்களில் கையெழுத்துப் போடுகிறேன். முன்பெல்லாம் தொகையை மட்டும் பார்ப்பேன். இப்போது கொஞ்சம் நிறுத்தி, இதில் பேர் இல்லாமல் யாராவது இருக்கிறார்களா என்றும் பார்க்கிறேன். சில நாள் பார்க்காமலே போட்டுவிடுகிறேன் என்பதும் உண்மைதான்.

உங்களுக்கும் அப்படி ஓர் இழுப்பறை இருந்திருக்குமே?