குட்டி அல்பாகாவும் தொலைந்துபோன கணக்கும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் மட்டும் படியுங்கள்.

போன மாதம் பழைய மாணவி ஒருத்தி வெளிநாட்டிலிருந்து வந்தபோது ஒரு சால்வை கொண்டுவந்து என் தோளில் போட்டாள். கனமே இல்லை, ஆனால் நல்ல கதகதப்பு. ஓரத்தில் தைத்திருந்த துணிச்சீட்டில் 'பேபி அல்பாகா' என்று இருந்தது. பக்கத்தில் நின்ற பேத்தி, "குட்டியைக் கொன்னு எடுத்ததா தாத்தா?" என்று கேட்டுவிட்டாள். மாணவியின் முகம் வாடிவிட்டது. நாற்பது வருஷம் பாடம் நடத்தியவனுக்கும் அப்போது பதில் தெரியவில்லை. அதன்பிறகு உட்கார்ந்து படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குட்டியைக் கொல்லவில்லை. குட்டியின் உரோமமாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. 'பேபி' என்பது வயதல்ல, தரத்தின் பெயர். பெரு நாட்டுக் கணக்கில் சராசரிப் பருமன் 23 மைக்ரானுக்குள் இருக்கும் இழை 'பேபி'. (ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான்.) அதற்கு அடுத்து 26.5 வரை ஒரு தரம், 29 வரை ஒரு தரம், 31.5 வரை ஒரு தரம், அதற்கும் மேலே போனால் முரட்டு ரகம். முதல் தடவை கத்தரிக்கும்போது உரோமம் மெல்லியதாக இருப்பது வழக்கம், அதனால் வந்த பெயர். பத்து வயது அல்பாகாவின் உரோமமும் அளவில் தேறிவிட்டால் 'பேபி'தான்.

இந்தத் தரங்களில் 29க்கும் 31.5க்கும் இடைப்பட்டதற்கு 'வரிசோ' என்று பெயர். அது உண்மையில் லாமாவும் அல்பாகாவும் கலந்து பிறந்த கலப்பினத்தின் பெயர். ஒரு கலப்பினத்தின் பெயர் தரப்பட்டியலில் ஏன் வந்து உட்கார்ந்தது என்று தேடப் போனபோதுதான் இந்தச் சரித்திரத்தின் கதவு எனக்குத் திறந்தது.

தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் ஒட்டகக் குடும்பத்து விலங்குகள் நான்கு உண்டு. குவானாக்கோவும் விக்குனாவும் காட்டு விலங்குகள். லாமாவும் அல்பாகாவும் வீட்டு விலங்குகள். லாமா சுமை தூக்க, அல்பாகா உரோமத்துக்கு. அல்பாகா எதிலிருந்து வந்தது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் நெடுநாள் வழக்கு இருந்தது. 2001இல் வெளிவந்த மரபணு ஆய்வுதான் அது விக்குனாவின் வழி என்று காட்டியது. விக்குனாவின் இழை 12, 13 மைக்ரான்தான். பெருவின் ஹுனின் பகுதியில் உள்ள தெலர்மாச்சாய் குகையில் கிடைத்த எலும்புகளையும் பற்களையும் வைத்து, மனிதன் இவற்றைப் பழக்கி ஆறாயிரம் வருஷத்துக்கு மேலாகிறது என்கிறார்கள்.

இன்காக்கள் காலத்தில் இது அரசாங்க விஷயம். அரசுக்கும் கோயிலுக்கும் தனித்தனி மந்தைகள். இன்கா இளவரசிக்கும் ஸ்பானியத் தளபதிக்கும் பிறந்த கார்சிலாசோ, 1609இல் வெளியிட்ட தம் நூலில் ஒரு செய்தி சொல்கிறார். மந்தைகளை நிறம் நிறமாகப் பிரித்து வைத்திருந்தார்களாம். தாய் தகப்பனின் நிறத்தில் இல்லாமல் குட்டி பிறந்தால், வளர்ந்ததும் அதை அதன் நிறத்து மந்தையில் சேர்த்துவிடுவார்கள். கணக்கு எழுத அவர்களுக்கு எழுத்து கிடையாது. கிப்பு என்ற முடிச்சுக் கயிறுதான் பேரேடு. மந்தை என்ன நிறமோ அதே நிறக் கயிற்றில் அதன் கணக்கு! நான் வகுப்பில் இன்காக்களைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் தங்கத்தைப் பற்றியே சொல்லியிருக்கிறேன். அவர்கள் தங்கத்தைவிட உயர்வாக மதித்தது கும்பி என்ற மெல்லிய துணியை. அரசன் ஒருவனுக்கு மரியாதை செய்வதென்றால் கும்பியைக் கொடுப்பான். தெய்வத்துக்குப் படைப்பதென்றால் கும்பியை எரிப்பார்கள்.

அந்தக் காலத்து உரோமம் எவ்வளவு நயமாக இருந்தது என்று ஊகித்துத்தான் சொல்ல வேண்டியிருந்திருக்கும். எல் யாரால் என்ற இடம் கிடைக்காமல் போயிருந்தால். தெற்குப் பெருவில் மொகெகுவா பக்கம், பாலைவனம் போன்ற வறண்ட பூமி. இன்காக்களுக்கும் முந்திய சிரிபாயா மக்கள் சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன் அங்கே லாமாக்களையும் அல்பாகாக்களையும் பலி கொடுத்து வீட்டுத் தரைக்கு அடியில் புதைத்திருக்கிறார்கள். ஈரமில்லாத மண்ணாதலால் தோலும் உரோமமும் அழுகாமல் அப்படியே காய்ந்து கிடந்தன. ஜேன் வீலர் என்ற தொல்விலங்கியல் அறிஞரும் உடன் உழைத்தவர்களும் அந்த உரோமத்தை அளந்து 1995இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வகை அல்பாகாவின் இழை 18 மைக்ரான் அளவில் இருந்தது. அதைவிட முக்கியம், இழைக்கு இழை வித்தியாசம் மிகக் குறைவு. இன்று மலைமேல் இருக்கும் சாதாரண மந்தையில் இந்த இரண்டையும் சேர்த்துக் காண்பது அபூர்வம்.

பலிக்குப் பொறுக்கி எடுத்த விலங்கைத்தானே கொடுத்திருப்பார்கள் என்று எனக்கும் ஒரு சந்தேகம் எழுந்தது. இருக்கலாம். ஆனால் பொறுக்குவதற்கு அப்படி ஒன்று மந்தையில் பிறந்திருக்க வேண்டுமே!

இந்த 'வித்தியாசம் குறைவு' என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சராசரி 22 மைக்ரான் என்று இரண்டு உரோமக் கட்டுகள் இருக்கலாம். ஒன்றில் எல்லா இழையும் 22ஐ ஒட்டியே இருக்கும். மற்றதில் 15ம் இருக்கும், 40ம் இருக்கும். 30ஐத் தாண்டிய தடித்த இழைதான் தோலில் குத்தும். நூற்றில் நாலைந்து அப்படி இருந்தாலே போதும், போர்த்தியவர் சொறிந்துகொண்டே இருப்பார். வகுப்பின் சராசரி மதிப்பெண்ணை மட்டும் பார்த்து ஏமாறாத ஆசிரியர்களுக்கு இது சட்டென்று புரியும்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. தீனி குறைந்தால் அல்பாகாவின் இழை மெலியும். நல்ல தீனி போட்டால் தடிக்கும். வயது ஏற ஏறவும் தடிக்கும். ஆகவே மெல்லிய உரோமத்தோடு நிற்கும் ஒரு விலங்கைப் பார்த்தால், அது பிறவி நயமா பட்டினி நயமா என்று கண்டுபிடிக்க வேண்டும். பட்டினி நயத்தைப் பொலிக் கிடாவாக விட்டால் குட்டிகளுக்கு ஒன்றும் வராது. சினைக்காலமோ பதினோரு மாதத்துக்கு மேல். ஈற்றுக்கு ஒரே குட்டி. ஒரு தப்பான முடிவு தப்பு என்று தெரியவே சில வருஷம் ஆகிவிடும். ஆக, தாய் யார், தகப்பன் யார், எந்த வருஷம் எப்படி இருந்தது என்ற கணக்கு தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தால்தான் இந்தத் தொழில் நடக்கும்.

அந்தக் கணக்குதான் 1532க்குப் பிறகு அறுந்தது. ஸ்பானியர் வந்த ஒரு நூற்றாண்டுக்குள் இந்த விலங்குகளில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தன என்பது ஆராய்ச்சியாளர் மதிப்பீடு. இறைச்சிக்கு வெட்டியது பாதி, 1540களில் பரவிய சொறிநோய் பாதி. அம்மையிலும் சுரங்க வேலையிலும் மேய்ப்பர்களும் மடிந்தார்கள். கீழ்ப் புல்வெளிகளை ஐரோப்பியச் செம்மறி எடுத்துக்கொண்டது. மிஞ்சிய மந்தைகள் நாலாயிரம் மீட்டர் உயரத்துக்கு ஒதுங்கின. லாமாவும் அல்பாகாவும் ஒன்றாக மேய்ந்து ஒன்றாகக் கலந்தன. நான் சொன்ன அதே 2001 ஆய்வில், சோதித்த அல்பாகாக்களில் மிகப் பெரும்பாலானவற்றில் இந்தக் கலப்பின் அடையாளம் இருந்தது. 'வரிசோ' தரப்பட்டியலில் ஏறிய கதை இதுதான். விலங்கு சாகாமல் தப்பியது. அதைப் பொறுக்கத் தெரிந்த கை தப்பவில்லை.

முந்நூறு வருஷம் வெளியுலகம் இதைக் கண்டுகொள்ளவே இல்லை. 1836இல் டைட்டஸ் சால்ட் என்ற ஆங்கிலேய மில் முதலாளி, லிவர்பூல் கிடங்கில் கேட்பாரற்றுக் கிடந்த அல்பாகா மூட்டைகளைக் கண்டு வாங்கினார். பருத்திப் பாவில் அல்பாகா ஊடை கொடுத்துப் பளபளப்பான துணி நெய்தார். அந்தப் பணத்தில் சால்டேர் என்று ஒரு ஊரையே கட்டினார். மில் 1853இல் திறந்தது.

இதனால் மலைமேல் இருந்தவனுக்கு நன்மை வந்ததா என்றால், விலை வந்தது, நயம் வரவில்லை. வியாபாரிகள் நல்லது கெட்டது பிரிக்காமல் எடைக்கு வாங்கினார்கள். தடித்த உரோமம்தான் எடை நிற்கும். அப்படியிருக்க, மெல்லிய இழைக்காக ஒருவன் ஏன் மெனக்கெட வேண்டும்? அடுத்தது நிறம். மில்லில் சாயம் ஏற்ற வெள்ளைதான் வசதி. ஆகவே பழுப்பும் கறுப்பும் சாம்பலும் கொஞ்சம் கொஞ்சமாக மந்தையை விட்டுப் போயின. இன்று பெருவின் அல்பாகாக்களில் பெரும்பகுதி வெள்ளை. நிறத்துக்கு ஒரு கயிறு வைத்துக் கணக்குப் போட்ட நாட்டில்!

அறுந்ததைத் திரும்ப முடிச்சுப் போட்டவர்களில் ஒருவர் ஹூலியோ பர்ரேதா. புனோ பகுதியில் மக்குசானி என்ற ஊர்ப்பக்கம் பண்ணை வைத்திருந்தார். (நீலகிரியில் சின்கோனா பயிரிடும் திட்டத்துக்காகக் கிளெமென்ட்ஸ் மார்க்கம் 1860இல் அலைந்த அதே கரபாயா மலைநாடு அது.) 1940களில் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேல் விலங்கு விலங்காகப் பார்த்து, பொலிக்கு எது, கழிப்பதற்கு எது என்று பிரித்துக்கொண்டே இருந்தார். அவருடைய அக்கோயோ பண்ணை வழி வந்த அல்பாகாக்களை இன்று அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பெயர் சொல்லி வாங்குகிறார்கள். 2006இல் காலமானார்.

நிற அல்பாகாக்களுக்கும் ஒரு புகலிடம் இருக்கிறது. புனோவில் கிம்சாச்சாத்தா என்ற இடத்தில் பெரு அரசின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் அவற்றைத் தனித்தனி நிறமாகப் பிரித்து வளர்த்து வருகிறது.

பேத்தியிடம் குட்டியைக் கொல்லவில்லை என்று சொல்லியாயிற்று. நிறக் கதையையும் சொன்னேன். "அப்போ இது எந்தக் கலர் அல்பாகா?" என்றாள். சால்வை நல்ல காப்பிப்பொடி நிறம். சாயமா, பிறவி நிறமா என்று அந்தத் துணிச்சீட்டில் போடவில்லை. மாணவியிடம் கேட்டிருக்கிறேன். கடைக்காரரை விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.