ப்ரீசெட் (மேடை ஒளியமைப்பு)

ப்ரீசெட் என்பது மேடை விளக்குகளின் நிலையை முன்கூட்டியே அமைத்து வைத்து, வேண்டிய நேரத்தில் ஒரே அழுத்தலில் வரவழைக்கும் முறை. ‘முன்னமைவு’ என்ற கலைச்சொல் இருக்கிறது. லைட் போர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் வாயில் அது வருவதில்லை. முக்கால் நூற்றாண்டில் இந்த முறையின் வடிவம் இரண்டு தடவை மாறியிருக்கிறது. முதலில் அது ஒரு ஃபேடர் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுவிசை) வரிசை. பிறகு நினைவகத்தில் பதிந்த எண்கள். இன்றைய கன்சோல் மென்பொருளில் அது ஒரு பெயர்.

கையும் காதும்

மின்விளக்கை மங்கச் செய்யத் தொடக்கத்தில் உப்புத்தண்ணீரே போதுமானதாக இருந்தது. ஜாடியில் உப்புக் கரைசல், அதில் இரண்டு உலோகத் தகடுகள். மேல்தகட்டை இறக்க இறக்க விளக்கு பிரகாசமாகும், தண்ணீர் கொதிக்கும். இதில் எதையும் முன்னமைத்து வைக்க முடியாது. வசனத்தைக் காதில் வாங்கிக்கொண்டு கைதான் வேலை செய்ய வேண்டும். நவாப் ராஜமாணிக்கம், ஆர்.எஸ். மனோகர் நாடகக் குழுக்களின் தந்திரக் காட்சிகளைக் கண்டு வாய்பிளந்த தமிழ் ரசிகர்கள், திரைக்குப் பின்னால் இருந்த ஆட்களின் ஞாபகசக்திக்கும் சேர்த்தே கைதட்டினார்கள். கொல்கத்தாவில் தபஸ் சென் (1924–2006) தகர டப்பாக்களைக்கூட விளக்காக்கியவர். உத்பல் தத்தின் ‘அங்கார்’ (1959) நாடகத்தில் மினர்வா மேடையில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் ஏறுவதை அவர் வெறும் ஒளியால் காட்டினார். அந்தக் காட்சி எந்தக் கருவியிலும் பதிவாகவில்லை. அவரிடமும் அவர் ஆட்களிடமும் மட்டுமே இருந்தது.

1935இல் லண்டனில் ஸ்ட்ராண்ட் நிறுவனத்தின் ஃபிரெட் பெந்தம், தியேட்டர் ஆர்கனின் விசைமேசையையே விளக்குகளை இயக்கும் கருவியாக்கினார். ஆர்கனில் ஒரு குமிழை அழுத்தினால், முன்பே தேர்ந்து வைத்த குழல் வரிசைகள் மொத்தமாகத் திறக்கும். ப்ரீசெட் என்ற யோசனைக்கு விளக்குத் துறையை விட இசைதான் மூத்தது என்று தாராளமாகச் சொல்லலாம். 1947இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஐசனவர் மின்னணு வால்வுகளைக் கொண்டு டிம்மர் (விளக்கை மங்கச் செய்யும் கருவி) செய்தபோது, வரப்போகும் காட்சிகளின் அளவுகளை ஒருவர் தனிப் பலகையில் அமைத்துக்கொண்டிருக்க, இன்னொருவர் நடக்கும் காட்சியை ஓட்ட முடிந்தது.

இதன் எளிய வாரிசு ‘டூ-ப்ரீசெட்’ போர்டு. மேலே ஏ வரிசை, கீழே பி வரிசை, ஓரத்தில் ஒரு வரிசையை இறக்கி மற்றதை ஏற்றும் கிராஸ்ஃபேடர். ஏ மேடையில் எரியும்போது பி வரிசையில் அடுத்த காட்சியைத் தள்ளி வைத்து, சமயம் வந்ததும் கிராஸ்ஃபேடரை நகர்த்துவார்கள். நம்மூர்ப் பள்ளி, கல்லூரி அரங்குகளில் இன்னும் தூசி படிந்து கிடப்பது பெரும்பாலும் இதுதான். பழகுவதற்கு இதைவிட நல்ல கருவி இல்லை.

நினைவகம்

1975இல் பிராட்வேயில் ‘எ கோரஸ் லைன்’ இசைநாடகத்துக்கு தாரன் மஸ்ஸர் நினைவகக் கன்சோலைக் கொண்டுவந்தார். அதன் பிறகு காட்சிகளின் எண்ணிக்கைக்கு எல்லை இல்லாமல் போயிற்று. ‘ப்ரீசெட்’ என்ற சொல்லும் கொஞ்ச காலம் ஓய்வெடுத்துக்கொண்டது. பதிந்த ஒவ்வொரு காட்சியும் ‘கியூ’ ஆனது. 12ஆம் சேனல் 70 சதவீதம் என்று பதிந்தால் அது 70 சதவீதம்தான். அசையாத விளக்குக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

1981இல் ஜெனிசிஸ் இசைக்குழுவோடு வாரி-லைட் என்ற அசையும் விளக்கு மேடையேறியதும் விளக்கு தலையைத் திருப்பத் தொடங்கியது. 1986இல் விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் பொதுத்தரமாக டிஎம்எக்ஸ்512 வந்தது: ஒரு கேபிளில் 512 சேனல், அதற்கு ‘யூனிவர்ஸ்’ என்று பெயர். நம் ஊர் லைட்மேன்கள் எந்தக் கம்பெனி பீம் லைட்டையும் ‘ஷார்ப்பி’ என்றே கூப்பிடுகிறார்கள். 2010இல் வந்த அசல் ஷார்ப்பியே 16 சேனல் கேட்கும். அப்படி 32 விளக்கு மாட்டினால் ஒரு யூனிவர்ஸ் தீர்ந்துவிடும். திசையைக் குறிக்கும் ‘பேன்’ எண் மட்டுமே நுண்சேனலோடு சேர்த்து 65,536 படிகள். இதைத் தலையில் வைத்துக்கொள்ள எந்த மனிதனாலும் ஆகாது.

எண்ணுக்குப் பதில் பெயர்

1990களில் வோல்ஹாக், அவோலைட்ஸ் கன்சோல்கள் ‘பேலட்’ என்ற பெயரில் கொண்டுவந்ததும், கிராண்ட்எம்ஏ வரிசை ‘ப்ரீசெட்’ என்று அழைப்பதும் ஏறக்குறைய ஒன்றே. கியூவுக்குள் எண் இருக்காது. ‘இந்த ப்ரீசெட்டைப் பார்’ என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். ப்ரீசெட்டை ஒருமுறை திருத்தினால் அதைச் சுட்டும் அத்தனை கியூவும் தானே திருந்தும். டிம்மர், பொசிஷன், கோபோ (ஒளியில் உருவம் காட்டும் தகடு), கலர், பீம், ஃபோகஸ் என்று அறை அறையாகப் பிரித்து வைப்பார்கள்.

இதன் அருமை பெங்களூரின் ரவீந்திர கலாக்ஷேத்ரா (1963) போன்ற நிரந்தர அரங்குகளில் அவ்வளவாகத் தெரியாது. நகரின் தெற்கு விளிம்பில், ஓசூர் சாலையில் இருக்கும் ஹெப்பகோடி மாதிரி இடத்துக்கு வர வேண்டும். சுற்றிலும் தொழிற்பேட்டை, ஐடி கம்பெனிகள், கல்யாண மண்டபங்கள். பக்கத்தில் தேர்களுக்குப் பேர்போன ஹுஸ்கூர் மத்தூரம்மா ஜாத்திரை. இங்கே மேடை என்பது சாயங்காலம் எழும்பி, விடிவதற்குள் லாரி ஏறிவிடுவது. நேற்று 18 அடி உயரத்தில் நின்ற ட்ரஸ் (விளக்குகள் தொங்கும் சட்டம்) இன்றைக்கு மண்டபத்துக் கூரை தட்டுவதால் 15 அடி என்று வைத்துக்கொள்வோம். ‘நடு மைக்’ என்ற பொசிஷன் ப்ரீசெட் இப்போது பாடகர் முகத்தில் விழாது, அதற்குக் கீழே விழும். ஷோவில் 140 கியூ இருக்கலாம், அவற்றில் 60 ‘நடு மைக்’கைக் கேட்கலாம். ஒரு பையனை மைக் இருக்கும் இடத்தில் நிற்க வைத்து, ஒவ்வொரு விளக்காக அவன் முகத்துக்கு இழுத்து, ‘அப்டேட்’ அழுத்தினால் அறுபதும் சரி. பொசிஷன் ப்ரீசெட் பத்துப் பன்னிரண்டு இருந்தால் ஒரு மணி நேர வேலை. கியூ கியூவாகத் திருத்தினால் விடிந்துவிடும்.

பெங்களூரின் ரங்க சங்கரா அரங்கில் (2004) இதே சிக்கல் வேறு உருவில் வரும். திங்கள் தவிர நாள்தோறும் நாடகம் என்பது அவர்கள் கொள்கை. மேடை மாறாது, குழு மாறிக்கொண்டே இருக்கும். காலையில் வந்து இறங்கும் குழுவுக்கு இரவு 7.30க்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். சொந்தக் கோப்பில் ஒழுங்கான ப்ரீசெட்டுகளோடு வருகிறவர் மதியச் சாப்பாட்டுக்கு நேரம் கண்டுபிடிப்பார்.

பழக்கத்தில்

ப்ரீசெட்டைக் கூப்பிட்ட பிறகு ‘கொஞ்சம் மேலே’ என்று சக்கரத்தைத் திருகிவிட்டு கியூவைப் பதிவது புதியவர்கள் செய்யும் தவறு. திருகிய கணமே குறிப்பு அறுந்து வெறும் எண்ணாகிவிடும். அந்தக் கியூ மட்டும் அடுத்த ஊரில் தனியாக வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்கும். இன்னொரு தவறு பெயரில். ‘சிவப்பு 2’ என்று வைத்தால் மூன்று மாதம் கழித்து எந்த இரண்டு என்று வைத்தவருக்கே தெரியாது. ‘வில்லன் சிவப்பு’ என்றால் எப்போதும் தெரியும்.

பலர் டிம்மர் அளவை மட்டும் ப்ரீசெட்டாக வைப்பதே இல்லை. இடத்தையும் நிறத்தையும் பெயரில் வைத்துவிட்டு, எவ்வளவு வெளிச்சம் என்பதைக் கியூவிலேயே எண்ணாகப் பதிந்துகொள்கிறார்கள். ஒரே ‘நடு மைக்’ ஒரு பாட்டில் 40, இன்னொன்றில் 90.