வெடியை விழுங்கும் மணல்

1914இல் பிரிட்டிஷ் இராணுவம் தன் அதிகாரிகளின் சட்டைப்பைக்கென்று அச்சிட்ட கையேட்டில் ஒரு பட்டியல் உண்டு. த்ரீ நொட் த்ரீ துவக்கின் சன்னத்தை நிறுத்த எந்தப் பொருள் எவ்வளவு தடிப்பில் வேண்டும் என்ற கணக்கு அது. மணல்மூட்டை என்றால் 18 அங்குலம் போதும். வழுக்கும் களிமண் என்றால் 60 அங்குலம் வரை போகும். மண்ணை இடித்து இறுக்கினால் அதன் தடுக்கும் வலு குறையும் என்றும் ஓரத்தில் குறித்திருக்கிறார்கள். கெட்டியானதுதான் காக்கும் என்று நம்பியிருப்பவருக்கு இது புதினம்தான்.

கல்முனைக்காரருக்கு இரண்டு மண்ணும் பழக்கம். ஊருக்குக் கிழக்கே கடல்மணல். மேற்கே வயல்; மாரியில் காலைப் பிடித்தால் விடாத களி.

மணலுக்குள் பாயும் சன்னத்தின் வேகத்தைப் பருக்கைகள் உரசி உரசியே வாங்கிவிடும். சன்னம் புரளும், நசுங்கும், நின்றுவிடும். கிட்ட நின்று சுட்டது, எட்ட நின்று சுட்டதைவிடக் குறைவாக உள்ளே போவதும் உண்டு. கல்லிலோ இரும்பிலோ பட்டால் கதை வேறு: எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல ஏலாது. பயிற்சித் திடல்களில் இலக்குக்குப் பின்னால் கல் பொறுக்கிய மண்ணை மேடாகக் குவிப்பது இதனால்தான். அந்த மேட்டையும் அவ்வப்போது கிளறிச் சலித்து ஈயத்தை எடுக்க வேண்டும்; பழைய ஈயத்தில் புதுச் சன்னம் பட்டாலும் தெறிக்கும்.

மேடு மட்டும் போதாது என்பதை விம்பிள்டன் காட்டியது. 1860இல் விக்டோரியா மகாராணி முதல் வெடி வைத்துத் தொடக்கிய போட்டித் திடல் அது. முப்பது வருடத்தில் சுற்றிலும் வீடுகள் நெருங்கிவிட, 1890இல் போட்டியை பிஸ்லிக்குக் கொண்டுபோனார்கள்.

கல்முனைக் கரையில் வீட்டு வளவில் இலக்கு வைத்துச் சுடும் வழக்கம் இல்லை. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி, துவக்கு வைத்திருக்கவே அனுமதிப்பத்திரம் வேண்டும். வெடியைத் தடுக்கும் மண் இங்கே யுத்தத்தோடுதான் வந்தது.

1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு, வடக்கே காத்தான்குடியில், மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனியாப் பள்ளியிலும் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக்கொல்லப்பட்டனர். மீராப் பள்ளிச் சுவரின் துளைகள் பூசப்படாமல் இன்றும் இருக்கின்றன. அந்தக் காலத்தில் முஸ்லிம் ஊர்களின் இளைஞர்கள் ஊர்காவற்படையில் சேர்ந்து இராக்காவல் நின்றனர். சந்திகளில் மண்மூட்டைக் காவலரண்கள் எழும்பின.

மூட்டை அடுக்குவதும் ஒரு கைவேலைதான். வாய்வரை நிரப்பினால் மூட்டை உருளும். முக்கால்வாசி நிரப்பித் தட்டையாக அடித்தால்தான் படியும். கட்டிய வாய் உட்பக்கம் பார்க்க வேண்டும். செங்கல் வரியைப்போல, கீழ் வரியின் மூட்டுக்கு மேல் அடுத்த வரியின் நடுப்பகுதி வர வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு மூட்டைக்கிடையே உள்ள சந்து நேராக உள்ளே திறந்துவிடும். பிளாஸ்திக் நூல் பை என்றால் இன்னொரு தொல்லை: வெயிலில் நூல் நைந்து, தொட்டால் உதிரும். மணல் கீழே வழிந்து சுவர் மேலிருந்து மெலியும். கரையோர வெயிலில் ஒரே காவலரணுக்குத் திரும்பத் திரும்ப மூட்டை மாற்ற வேண்டியிருந்தது; மணலுக்கு மட்டும் பஞ்சமே இல்லை.