கேட்டது யார்? – சூசன் ஹாம்லினின் இரண்டு பேட்டிகள்

அமெரிக்காவில் அடிமை முறை 1865-ல் ஒழிந்தது. எழுபது வருஷம் கழித்து, அடிமைகளாக வாழ்ந்து மிச்சமிருந்த முதியவர்களிடம் அரசே ஆள் அனுப்பிப் பேட்டி எடுத்தது. பெருமந்தத்தில் வேலை இழந்த எழுத்தாளர்களுக்காக ஆரம்பிக்கப்பட்ட ஃபெடரல் ரைட்டர்ஸ் ப்ராஜெக்ட்தான் அதைச் செய்தது. 1936 முதல் 1938 வரை, 17 மாநிலங்களில், 2,300-க்கும் மேற்பட்ட பேட்டிகள்.

நாட்டுப்புறப் பாடல்களைச் சேகரித்த ஜான் லோமாக்ஸ் 1937-ல் இதற்கு ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்துக் கொடுத்தார். எங்கே பிறந்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், எஜமானர் எப்படி, அடிமைகளை விற்றதைப் பார்த்ததுண்டா, லிங்கனைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று வரிசையாகப் போகும். எஞ்சினியர் புத்திக்கு இது ரொம்பப் பிடிக்கும். எல்லோருக்கும் ஒரே உள்ளீடு கொடுத்தால் பதில்களை ஒப்பிடலாம் இல்லையா? நானும் அப்படித்தான் நினைத்தேன், சூசன் ஹாம்லினைப் படிக்கும் வரை.

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் வாழ்ந்த, நூறு வயதைத் தாண்டியவர் என்று பதிவான மூதாட்டி இவர். ஒரு பேட்டியில் பெயர் ஹாம்லின், இன்னொன்றில் ஹாமில்டன். ஆனால் எஜமானர் இரண்டிலும் எட்வர்ட் ஃபுல்லர்தான்.

ஜெஸ்ஸி பட்லர் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி எடுத்த பேட்டியில் ஃபுல்லர் தங்கமான மனுஷன், அவர் வீட்டில் குறையொன்றும் இல்லை. அகஸ்டஸ் லாட்சன் என்ற கறுப்பினத்தவர் எடுத்த பேட்டியில் சவுக்கடி வருகிறது. குடும்பங்களைப் பிரித்து விற்றது வருகிறது. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களின் அலறல் வருகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் வேறு வேறு ஊரைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும்.

காரணம் பட்லரின் குறிப்பிலேயே இருக்கிறது. பாட்டி அவரை நிவாரண அலுவலகத்திலிருந்து வந்தவர் என்று நினைத்துக்கொண்டார். பட்லர் அதைத் திருத்தவில்லை, எழுதி மட்டும் வைத்தார். அரசு உதவியை நம்பி இருக்கிற ஒரு கிழவி, உதவி தருபவர் என்று தான் நம்பும் வெள்ளைக்காரரிடம், வெள்ளை எஜமானரைப் பற்றி என்ன சொல்ல முடியும்? பேட்டி எடுத்தவர்களில் பெரும்பாலோர் அந்தந்தப் பகுதி வெள்ளையர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2,300 பேட்டிகளில் இப்படி எத்தனை இருக்கும்?

லாட்சனிடம் சொன்னது மட்டும் முழு உண்மை என்று நான் சொல்ல வரவில்லை. அவரும் தனக்கு வேண்டியதைத் துருவிக் கேட்டிருக்கலாம். கேட்பவரைக் கழித்துவிட்டுப் பதிலை மட்டும் தனியே எடுக்க முடியாது என்பதுதான் விஷயம்.

இது ஒரு பாட்டியோடு நிற்கவில்லை. 1942-ல் மெம்ஃபிஸ் நகரில் கறுப்பின மக்களிடம் ஒரே கேள்விகளைச் சிலரிடம் கறுப்பினத்தவரும் சிலரிடம் வெள்ளையரும் கேட்டார்கள். ராணுவம் கறுப்பினத்தவரை நியாயமாக நடத்தவில்லை என்று கறுப்பினப் பேட்டியாளர்களிடம் 35 சதவீதம் பேர் சொன்னார்கள். வெள்ளையரிடம் அப்படிச் சொன்னவர்கள் 11 சதவீதம். கேள்வி மாறவில்லை, கேட்ட முகம்தான் மாறியது.

இதை எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. ஏழெட்டு வருஷம் முன்னால் ஒரு கிராமத்தில் ஏரி மடை, தண்ணீர்ப் பங்கீடு பற்றிக் குறிப்பு எடுக்கப் போனேன். கையில் நானே தயாரித்த 20 கேள்விகள். வழிகாட்ட வந்தவர் ஊர்ப் பெரிய நிலக்காரர் வீட்டுப் பையன், நல்ல மாதிரி. நீர்க்கட்டியாக இருந்த பெரியவரிடம், "தண்ணி விடுறதுல தகராறு வந்ததுண்டா ஐயா?" என்று கேட்டேன். பெரியவர் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த பையனைப் பார்த்தார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க தம்பி, எல்லாருக்கும் சமமாத்தான் விட்டோம்" என்றார். நான் ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டேன். அந்தப் பார்வையை எழுதவில்லை.

சூசன் ஹாம்லினைப் படித்த அன்று ராத்திரி அந்த நோட்டைத் தேடி எடுத்தேன். திரும்பத் தனியாகப் போகலாம் என்று விசாரித்தால், பெரியவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டதாம். சூசனிடமாவது இரண்டு பேர் வந்து கேட்டார்கள்.

‘இல்லை’ என்ற அந்தப் பதிலை நான் அழிக்கவில்லை. பக்கத்தில், நான் யாரோடு போனேன், பெரியவர் யாரைப் பார்த்துப் பதில் சொன்னார் என்று எழுதி வைத்திருக்கிறேன். என் கேள்வித்தாளில் இப்போது முதல் கேள்விக்கு முன்னால் மூன்று கட்டங்கள் இருக்கின்றன: கேட்டது யார், கூட இருந்தது யார், நான் எதற்கு வந்திருப்பதாக அவர் நினைத்தார். பட்லரைக் குறை சொல்வது சுலபம். ஆனால் மூன்றாவது கட்டத்தை அவர் 1937-லேயே நிரப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதனால்தான் அந்தப் பேட்டியை நாம் இன்றைக்குச் சரியாகப் படிக்க முடிகிறது.