‘சிலோன்’ என்ற சொல்லும் 1975 பிரசல்ஸ் உடன்படிக்கையும்: மலையகத்திலிருந்து ஒரு மறுவாசிப்பு

ஐரோப்பியப் பொருளாதாரச் சமுதாயமும் இலங்கைக் குடியரசும் செய்துகொண்ட வணிக ஒத்துழைப்பு உடன்படிக்கை 1975 ஜூலை 22 இல் பிரசல்ஸில் கையெழுத்தாகி, டிசம்பர் 1 இல் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட ஒக்டோபரில் 39 ஆம் இலக்கக் காணிச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம் கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. கையெழுத்திட்ட நாளில் அத்தோட்டங்களின் தேயிலைக் கொழுந்து கம்பனிக்குச் சொந்தம். நடைமுறைக்கு வந்த நாளில் அரசுக்குச் சொந்தம். ஒன்று மற்றதைத் தூண்டியது என்பதற்கு என்னிடம் சான்றில்லை. ஆயினும் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தைப் பொறுத்தவரை உடன்படிக்கையின் தொடக்கம் எந்த நாள் என்ற கேள்வி இதனால் சிக்கலாகிறது. அதை இங்கு தீர்க்க முயலவில்லை.

இக்காலத்தைப் பேசுவோர் பொருளியல் அறிஞர் எஸ்.பி.டி. டி சில்வாவின் 1982 ஆம் ஆண்டு நூலைத் தாண்டிச் செல்ல முடியாது. தோட்டங்களை ஆண்டது வணிக மூலதனமே என்பது அவர் வாதம். தோட்டங்களை நிர்வகித்த முகவர் கம்பனிகள் உற்பத்தியை நவீனப்படுத்தவில்லை. கட்டுண்டு கிடந்த மலிவான உழைப்பிலேயே காலங்கடத்தின. இந்த வாசிப்பை உடன்படிக்கைக்கும் நீட்டினால், இலண்டன் இருந்த இடத்தில் பிரசல்ஸ் வந்தது, வேறொன்றும் நிகழவில்லை என்றே முடிக்க வேண்டிவரும். அவர் பக்கம் வலுவான நியாயமும் உண்டு. உடைமை கைமாறிய பின்னும் இலண்டன் தேயிலை ஏலம் 1998 வரை நடந்தது. ஆனால் வணிக மூலதனம் தேயிலையின் விலையை விளக்கலாம். அந்த விலையில் தன் பங்கைக் கேட்கக் கொழுந்து பறித்தவளுக்கு ஏன் வாயில்லாமற் போனது என்பதை அதனால் மட்டும் விளக்க முடியாது. கம்பனி போன பின்னும் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்கள் அப்படியே இருந்தன. நிர்ணயித்த அளவு பறிக்காதவளுக்கு அரைநாள் கூலியே எழுதும் ‘அரைப்பேர்’ போடுவதும் நின்றபாடில்லை. எனவே உடன்படிக்கையில் ‘நாடு’ என்று எழுதப்பட்டது யாரை என்பதிலிருந்து தொடங்குவதே சரி.

இதற்கு 1975 இன் வாசகத்தைவிட அதற்கு முந்திய ஓர் ஆவணம் அதிகம் உதவுகிறது. 1972 ஜனவரி 22 இல் பிரித்தானியா சமுதாயத்தில் சேரக் கையெழுத்திட்டபோது, ஆசியப் பொதுநலவாய நாடுகளைப் பற்றிய ஒரு கூட்டுப் பிரகடனமும் இணைக்கப்பட்டது. அதன் பட்டியலில் முதலில் நிற்பது ‘சிலோன்’. பின்னர் இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், சிங்கப்பூர். எட்டே நாளில் பாகிஸ்தான் பொதுநலவாயத்தை விட்டு நீங்கியது. மே 22 இல் சிலோன் என்ற அரசுப் பெயரே இல்லாமற்போனது. பிரித்தானியாவின் சேர்க்கை நடைமுறைக்கு வந்த 1973 ஜனவரி 1 இல் பிரகடனம் சுட்டியது வழக்கொழிந்த ஒரு நாட்டுப் பெயரை. 1975 இல் அந்த இடத்தில் ‘இலங்கைக் குடியரசு’ அமர்ந்தது. தேயிலைப் பெட்டியில் மட்டும் சிலோன் இன்றுவரை இருக்கிறது. நான் இதை வெறும் பெயர் மாற்றமாகக் கொள்ளவில்லை: சிலோன் என்பது தேயிலையின் பெயர், இலங்கைக் குடியரசு என்பது குடிமக்களின் பெயர். சான்று மெலிந்த இடம் இது என்பதை அறிவேன். ஆனால் அந்தக் குடியரசின் குடிமக்களுக்குள் தோட்டத்து மக்களில் பெரும்பாலோர் அடங்கவில்லை என்பது சட்டப்படியான உண்மை.

1947 இல் தோட்டத்து மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரசின் ஏழு பேர் நாடாளுமன்றம் சென்றனர். அம்மக்களில் பெரும்பாலோருக்குப் பிரஜாவுரிமையை மறுத்த 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பின், 1952 தேர்தலில் ஒருவரும் இல்லை. 1964 ஒக்டோபர் 30 இன் இலங்கை–இந்திய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்த நாடற்றோரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதிபாதியாக்கிக்கொண்டன. இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோரை ஏற்றி ஹட்டனிலிருந்து தலைமன்னார் நோக்கிச் சென்ற ரயில் வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. பிரசல்ஸில் கையெழுத்திட்ட ஆண்டிலும் அது ஓடிக்கொண்டிருந்தது.

சரி, உடன்படிக்கையால் தேயிலைக்காவது நன்மை விளைந்ததா? அதே 1975 பெப்ரவரியில் லோமே உடன்படிக்கை கென்யா உள்ளிட்ட 46 நாடுகளுக்கு முன்னுரிமை தந்தது. இலங்கைக்குக் கிடைத்தது முன்னுரிமையற்ற வணிக ஒத்துழைப்பே. பிரித்தானியா சேருமுன்பே தேயிலை மீதான இறக்குமதித் தீர்வை நிறுத்திவைக்கப்பட்டிருந்ததால் இந்த வேறுபாடு தேயிலையைப் பெரிதாகத் தாக்கவில்லை என்பது என் கணிப்பு. ஐரோப்பிய ஒன்றியம் பிற்காலத்தில் தந்த ஜி.எஸ்.பி. பிளஸ் தீர்வைச் சலுகையும் ஆடைத் தொழிற்சாலைக்கே பெரும்பயன் தந்தது. தோட்டத் தொழிலாளிக்கு அதில் பொருள் தருவது, அது நிபந்தனையாக வைக்கும் 27 சர்வதேசச் சாசனங்களுள் அடங்கிய தொழிலாளர் உரிமைகள்தாம்.

உடன்படிக்கையின் மொழி மாறியது 1994 ஜூலை 18 இல். அன்று கையெழுத்தான புதிய உடன்படிக்கையின் முதலாம் உறுப்புரை மனித உரிமைகளை அதன் அடிப்படைக் கூறாக வைத்தது. அப்போதும் மலையகத்தில் நாடற்றோர் இருந்தனர். உடன்படிக்கை 1995 ஏப்ரல் 1 இல் நடைமுறைக்கு வந்தது. எஞ்சிய நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கிய 35 ஆம் இலக்கச் சட்டம் 2003 இல்தான் நிறைவேறியது.