சாப் 99 டர்போ: பெரிய எஞ்சினா, டர்போவா?

சாப் 99 டர்போ, சுவீடனைச் சேர்ந்த சாப் நிறுவனம் 1977 செப்டம்பரில் ஃபிராங்ஃபர்ட் மோட்டார் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய கார். 1978இல் விற்பனைக்கு வந்தது. நான்கு சிலிண்டர் எஞ்சினுடன் டர்போ பொருத்தப்பட்ட இக்கார் 145 குதிரைத்திறன் தந்தது. இது உருவாவதற்கு முன் சாப் நிறுவனத்தின் முன் இரண்டு வழிகள் இருந்தன. இருக்கும் எஞ்சினை எடுத்துவிட்டு எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்துவது ஒன்று. இருக்கும் எஞ்சினையே வைத்துக்கொண்டு அதற்கு டர்போ சேர்ப்பது மற்றொன்று. வேகமான செடான் கார் வேண்டும் என்று நினைப்பவர்கள் இன்றும் இதே கேள்வியை எதிர்கொள்கிறார்கள். சாப் நிறுவனம் எடுத்த முடிவு அதற்குப் பயனுள்ள எடுத்துக்காட்டாக இருக்கிறது.

பின்னணி

சாப் நிறுவனம் 1937இல் போர் விமானங்கள் கட்டுவதற்காகத் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கார் தொழிலில் இறங்கியது. அதன் முதல் கார் சாப் 92. டிரோல்ஹெட்டான் நகரிலுள்ள தொழிற்சாலையில் 1949 இறுதியில் இதன் உற்பத்தி தொடங்கியது. அதில் இருந்தது இரண்டு சிலிண்டர் கொண்ட டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பெட்ரோலுடன் எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டிய, புகை கக்கும் வகை அது.

1960களில் இந்த எஞ்சின் வாங்குபவர்களிடம் மதிப்பிழந்தது. ஆனால் நிறுவனத் தலைமை அதை விட மறுத்தது. பொறியாளர் ரோல்ஃப் மெல்டே தலைமையைத் தாண்டிச் சென்று, முதலீட்டாளர் குடும்பத்தைச் சேர்ந்த மார்க் வாலன்பெரியிடம் பேசி ஒப்புதல் பெற்றார். ஜெர்மனியின் ஃபோர்டு நிறுவனம் தயாரித்த வி4 எஞ்சின் சாப் 96 காரில் பொருத்தப்பட்டு, 1967ஆம் ஆண்டு மாதிரியாக விற்பனைக்கு வந்தது. உடல் பழையது, எஞ்சின் வெளியாருடையது. இந்த எஞ்சின் மாற்றம் சாப் 96ஐ 1980 வரை உற்பத்தியில் வைத்திருந்தது. ஆகவே எஞ்சினை மாற்றுவது சாப் நிறுவனத்துக்குப் புதிய எண்ணமன்று. ஒருமுறை அது நிறுவனத்தைக் காப்பாற்றியும் இருந்தது.

1967 நவம்பரில் சாப் 99 வெளியிடப்பட்டது. அதன் 1.7 லிட்டர் எஞ்சினை இங்கிலாந்தின் டிரையம்ஃப் நிறுவனம் தயாரித்து அனுப்பியது. 1972இல் சாப் இந்த எஞ்சினைத் திருத்தியமைத்து, 2 லிட்டர் அளவில் சோடர்டெல்யே நகரில் தானே தயாரிக்கத் தொடங்கியது. எரிபொருளைப் பீய்ச்சும் முறை கொண்ட இ.எம்.எஸ். என்ற விளையாட்டு வகைக் கார் பின்னாளில் 118 குதிரைத்திறன் வரை தந்தது. அதற்கு மேல் செல்ல வேண்டுமானால் அந்த எஞ்சின் மட்டும் போதாது.

முதல் வழி: எட்டு சிலிண்டர் எஞ்சின்

டிரையம்ஃப் நிறுவனத்தின் சாய்வு எஞ்சின் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தது. நான்கு சிலிண்டர்கள் 45 பாகை சாய்ந்து நிற்கும். அத்தகைய இரண்டு வரிசைகளைச் சேர்த்தால் 90 பாகை கொண்ட வி8 எஞ்சின் கிடைக்கும். அப்படி உருவான 2997 கன செ.மீ. எஞ்சின் 1970இல் வெளிவந்த டிரையம்ஃப் ஸ்டாக் காரில் இடம்பெற்றது. அதன் திறன் 145 குதிரைத்திறன்.

உறவுமுறை எஞ்சின் என்பதால் சாப் 99க்கு இது இயல்பான தேர்வாகத் தோன்றியது. வி8 பொருத்திய சாப் 99 சோதனைக்கும் உள்ளானது. இந்த வழியின் நன்மை தெளிவானது. பெரிய எஞ்சின் மிதியை அழுத்திய உடனே இழுக்கும்; ஓசையும் மென்மையானது; தொழில்நுட்பமும் அனைவரும் அறிந்தது.

குறைகளும் தெளிவாகவே இருந்தன. சாப் 99 முன்சக்கர இயக்கம் கொண்டது. எஞ்சின், அதன் கீழே கியர்பெட்டி என எல்லாச் சுமையும் முன்பக்கத்திலேயே இருந்தது. கூடுதலாக நான்கு சிலிண்டர்களை அங்கே ஏற்றினால் முன்பாரம் மேலும் கூடும். வளைவுகளில் கார் திரும்பத் தயங்கும். தடையும் தாங்கமைப்பும் குளிர்விப்பும் புதிதாக அமைக்கப்பட வேண்டும். எஞ்சினுக்காக மீண்டும் வேறொரு நாட்டின் நிறுவனத்தை நம்பியிருக்க வேண்டும். அந்த ஸ்டாக் எஞ்சினோ அதிகச் சூடாகிப் பழுதாவதாகப் பெயர் எடுத்திருந்தது.

இவற்றுக்கு மேல் 1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வந்தது. சில மாதங்களில் கச்சா எண்ணெயின் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. பெரிய எஞ்சின் என்ற சொல்லே விற்பனைக்குத் தடையானது.

இரண்டாம் வழி: டர்போ

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே வெப்பமாக வெளியேறுகிறது. அந்தப் புகையின் விசையால் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துவதே டர்போ. கூடுதல் காற்று உள்ளே போனால் கூடுதல் எரிபொருளை எரிக்கலாம். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பியூஹி 1905இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். கப்பல்களும் விமானங்களும் லாரிகளும் இதைப் பயன்படுத்தின. 1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர், செவர்லே கோர்வேர் ஆகிய கார்களிலும் இது வந்தது. ஆனால் கார்களில் நிலைக்கவில்லை.

சாப் நிறுவனத்துக்கு இதில் ஒரு வாய்ப்பு இருந்தது. 1969இல் அது லாரி தயாரிப்பாளரான ஸ்கானியாவுடன் இணைந்திருந்தது. அதே ஆண்டு ஸ்கானியா 350 குதிரைத்திறன் கொண்ட 14 லிட்டர் டர்போ டீசல் எஞ்சினை வெளியிட்டது. டர்போவை அன்றாடம் உழைக்கும் வண்டிக்கு ஏற்றதாக ஆக்கும் அனுபவம் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது.

பி.எம்.டபிள்யூ காட்டிய முன்மாதிரி

இரு வழிகளையும் ஒரே காரில் முயன்று பார்த்த நிறுவனம் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. அதன் 1600 கார் 1966இல் வந்தது. அலெக்ஸ் ஃபான் ஃபால்கென்ஹவுசன், ஹெல்முட் வெர்னர் பியோன்ஷ் என்ற நிறுவனத்தின் இரு அதிகாரிகள், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமலேயே, தம் சொந்த 1600 கார்களில் 2 லிட்டர் எஞ்சினைப் பொருத்தச் செய்திருந்தனர். அமெரிக்க விற்பனையாளர் மேக்ஸ் ஹாஃப்மனும் வேகமான கார் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தார். இவ்வாறு 1968இல் 2002 கார் பிறந்தது. இரண்டு எஞ்சின்களும் ஒரே குடும்பத்தவை. அதனால் மாற்றம் எளிதாக அமைந்தது, காரும் பெருவெற்றி பெற்றது.

1973இல் அதே காருக்கு டர்போ சேர்க்கப்பட்டது. 170 குதிரைத்திறன் கிடைத்தது. ஆனால் குறைந்த சுற்றுகளில் எஞ்சின் மந்தமாகவும், பிறகு திடீரென்று பாய்வதாகவும் இருந்தது. முன்னால் செல்பவர் தம் கண்ணாடியில் படிக்கும்படி 'டர்போ' என்ற எழுத்துகள் முகப்பில் இடவலம் மாற்றித் தீட்டப்பட்டிருந்தன. இது முரட்டுத்தனம் என்ற கண்டனத்துக்கு உள்ளானது. எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, 1,672 கார்களோடு உற்பத்தி முடிந்தது. அந்த டர்போ ஓட்டப்பந்தயத்திலிருந்து வந்தது. உச்ச வேகத்துக்காக அமைந்தது. அன்றாடச் சாலைக்கு அது பொருந்தவில்லை.

சாப் நிறுவனத்தின் தேர்வு

சாப் நிறுவனத்தில் டர்போ பணியை முன்னெடுத்தவர் பொறியாளர் பெர் கில்பிரான்ட். காரின் உச்ச வேகத்தைக் கூட்டுவது மட்டும் நோக்கமாக வைக்கப்படவில்லை. சாதாரண வேகத்தில் செல்லும்போது, தேவைப்பட்ட நொடியில் கூடுதல் இழுவை கிடைக்க வேண்டும் என்பதே முதன்மையாக இருந்தது. இருவழிச் சாலையில் ஒரு லாரியை முந்தும்போது எதிர்த்தடத்தில் செலவாகும் நொடிகளே ஆபத்தானவை. அந்த நொடிகளைக் குறைப்பது உயிர்ப் பாதுகாப்பு சார்ந்தது.

இதற்காகச் சிறிய டர்போ தேர்ந்தெடுக்கப்பட்டது. சிறிய சக்கரம் விரைவில் வேகம் பிடிக்கும். ஆனால் எஞ்சின் அதிகச் சுற்றில் ஓடும்போது அது அளவுக்கு மீறி அழுத்தும். அதைத் தடுக்க ஒரு விடுவழி வால்வு வைக்கப்பட்டது. அழுத்தம் வரம்பைத் தொட்டதும் வால்வு திறந்து, புகையின் ஒரு பகுதியைச் சக்கரத்தைத் தொடாமல் வெளியேற்றிவிடும். அழுத்தம் சுமார் 0.7 பாருக்கு மேல் செல்லாது.

அழுத்தப்பட்ட காற்று சூடாகும். சூடான கலவை தானே வெடித்து எஞ்சினைச் சேதப்படுத்தும். எனவே சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்படும் விகிதம் 7.2:1ஆகக் குறைக்கப்பட்டது. இதன் விலையாக, டர்போ வேலை செய்யாத நேரத்தில் எஞ்சின் சற்றுச் சோர்வாக இருக்கும். மிதியை அழுத்தியதற்கும் இழுவை வருவதற்கும் இடையே சிறு தாமதமும் இருக்கும். இந்தக் குறைகளை அறிந்தே நிறுவனம் இவ்வழியைத் தேர்ந்தது.

முடிவில் கிடைத்த திறன் 145 குதிரைத்திறன். இழுவை 3,000 சுற்றில் 235 நியூட்டன் மீட்டர். அளவிடும் முறையில் சிறு வேறுபாடு இருந்தாலும், ஸ்டாக் வி8 தந்த அதே 145 குதிரைத்திறனை 2 லிட்டர் எஞ்சின் தந்தது. ஆகவே எது அதிகத் திறன் தரும் என்பது இத்தேர்வில் கேள்வியாகவே நிற்கவில்லை. அந்தத் திறன் தேவைப்படாத நேரத்தில் கார் எதைச் சுமக்க வேண்டும் என்பதே கேள்வி. வி8 பொருத்திய கார், நகர நெரிசலில் ஊர்ந்தாலும் எட்டு சிலிண்டர்களைச் சுமந்து அவற்றுக்குத் தீனி போட வேண்டும். டர்போ கார் மெதுவாகச் செல்லும்போது சாதாரண நான்கு சிலிண்டர் கார்தான்.

1977: நெருக்கடியான ஆண்டு

இத்தேர்வு நிறுவனத்தின் இருப்போடும் பிணைந்திருந்தது. 1977 மே மாதம் சாப் ஸ்கானியாவும் வால்வோவும் இணையப் போவதாக அறிவிக்கப்பட்டது. சிறிய நிறுவனம் தனித்து வாழ முடியாது என்ற எண்ணம் அப்போது வலுவாக இருந்தது. ஆகஸ்டில் அத்திட்டம் கைவிடப்பட்டது. அடுத்த மாதமே 99 டர்போ ஃபிராங்ஃபர்ட்டில் நின்றது.

வால்வோ இதற்கு எதிரான வழியில் சென்றிருந்தது. பிஜோ, ரெனோ நிறுவனங்களுடன் கூட்டுச் சேர்ந்து உருவாக்கிய வி6 எஞ்சினை 1974இல் தன் 264 காரில் பொருத்தியது. மூன்று நிறுவனங்கள் செலவைப் பகிர்ந்ததால் அது முடிந்தது. தனித்து நின்ற சாப் நிறுவனத்தால் புதிய பெரிய எஞ்சினுக்குச் செலவிட முடியாது. டர்போ அந்த ஏழ்மைக்குக் கிடைத்த விடையும் ஆகும்.

விளைவுகள்

1979 பிப்ரவரியில் ஸ்டிக் புளூம்க்விஸ்ட் 99 டர்போவை ஓட்டிச் சுவீடன் ராலியை வென்றார். உலக ராலி சாம்பியன்ஷிப் போட்டிகளில் டர்போ கார் பெற்ற முதல் வெற்றி அது. 99இன் அடிப்படையில் உருவான சாப் 900 காரிலும் டர்போ தொடர்ந்தது. 1980களின் தொடக்கத்தில் ஏ.பி.சி. என்ற மின்னணுக் கட்டுப்பாடு வந்தது. எஞ்சினில் தட்டல் ஒலி தோன்றுவதை ஓர் உணரி கண்டறியும். உடனே டர்போவின் அழுத்தம் குறைக்கப்படும். தரம் குறைந்த பெட்ரோலிலும் எஞ்சின் பாதுகாப்பாக ஓட இது உதவியது. வால்வோவும் 1981இல் தன் 240 காருக்கு டர்போ சேர்த்தது.

டர்போ கார்கள் சில ஒழுங்குகளையும் ஓட்டுநரிடம் கேட்டன. டர்போவின் தண்டு எண்ணெய்ப் படலத்தின் மேல் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடியது. எண்ணெயை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் அது தேய்ந்துவிடும். வேகமாக ஓட்டிவந்த உடனே எஞ்சினை நிறுத்தினால் தங்கிய எண்ணெய் கருகும். மிதியைத் தொடர்ந்து அழுத்தி ஓட்டினால் எரிபொருள் சிக்கனமும் இராது.

1993இல் வெளிவந்த புதிய தலைமுறை சாப் 900இல், அப்போது நிறுவனத்தின் பங்குதாரராக இருந்த ஜெனரல் மோட்டார்ஸின் 2.5 லிட்டர் வி6 எஞ்சினும் கொடுக்கப்பட்டது. அது 170 குதிரைத்திறன் தந்தது. அதே காரின் 2 லிட்டர் டர்போ தந்தது 185. சாப் கார் நிறுவனம் 2011 டிசம்பரில் திவாலானது. ஆனால் சிறிய எஞ்சினோடு டர்போ என்ற அதன் வழி, இன்று குடும்பக் கார்களிலும் வழக்கமாகிவிட்டது.